தாழ்ப்பாள் டப்பா

வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் அடுப்பை இறக்குவார்கள், இல்லாவிட்டால் கட்டிலை இறக்குவார்கள். காஜாக்கா ஸ்க்ரூ டிரைவரை இறக்குவாள். பீரோவை எந்தச் சுவரோரம் நிறுத்துவது என்று கணவரும் சுமை தூக்குகிறவர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, அவள் வீட்டுக்குள் இருக்கும் தாழ்ப்பாள்களை ஒன்று விடாமல் கழற்றி முடித்திருப்பாள். படுக்கையறை, சமையலறை, குளியலறை, எதற்கும் சலுகை கிடையாது. வாசலுக்கு மட்டும் போனால் போகிறது என்று ஒரு பூட்டு. அதன் சாவியும் உள்பக்கத்தில் கதவோடு கதவாகத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிட மாட்டாள். வீட்டுக்காரர் பொருள் அல்லவா? ஒவ்வொரு தாழ்ப்பாளையும் அதன் திருகாணிகளோடு காகிதத்தில் சுற்றி, மேலே 'குளி', 'சமை', 'பெரிய ரூம்' என்று எழுதி, மூடி நசுங்கிய ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். காலி செய்கிற அன்று எல்லாம் பழையபடி கதவில் ஏறிவிடும். ஒரு திருகாணி குறைந்தது என்று எந்த வீட்டுக்காரரும் அவளைக் குறை சொன்னதில்லை. ஒரே ஒருவர் சொன்னார், அது திருகாணி விஷயமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

காஜாக்கா என்பது தையல் கூடத்தில் வைத்த பெயர். சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்கு ஓரம் தைப்பதுதான் காஜா. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் அவள். வேலையில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. கூடத்தில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவளைத்தான் அனுப்பிச் சிரிக்க வைப்பார்கள். ஆனால் கதவு என்று வந்துவிட்டால் அவளிடம் யாரும் விளையாட முடியாது.

தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் குடித்தனம் நடத்துவதற்கென்று சில ஏற்பாடுகள் இருந்தன. குளிக்கப் போகிறவர் கதவின் மேல் சிவப்புத் துண்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே இருந்து அவ்வப்போது குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சமையலறையிலிருந்து காஜாக்கா கேட்பாள்: "இருக்கியா?" உடனே "இருக்கேன்" என்று சொல்லிவிட வேண்டும். வாயில் பிரஷ், கண்ணில் சோப்பு என்கிற சாக்கெல்லாம் எடுபடாது. தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முதல் சொம்பு தண்ணீர் தலையில் விழுந்ததிலிருந்து துவட்டி முடிக்கும் வரை விடாமல் பாடுவார். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "உங்க வீட்டுக்காரருக்கு சங்கீதம்னா உசுரு போல" என்று பக்கத்து வீட்டு அம்மாள் பொறுமையோடு ஒருநாள் கேட்டாள். "ஆமா, என் உசுரு" என்றாள் காஜாக்கா.

அவர்களுக்கு ஒரே மகள். கண்ணாமூச்சி ஆட்டத்தில் எப்போதும் முதலில் மாட்டிக்கொள்கிற பிள்ளை. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கும்போது ஜன்னலிலிருந்து "இருக்கியா?" என்று அம்மாவின் குரல் கேட்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து இவள் "இருக்கேன்" என்பாள். அத்தோடு ஆட்டம் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் கழிவறைக் கதவைத் தாழிடத் தெரியாமல் ஒரு காலால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் தோழிகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வராது.

ஏன் இப்படி என்று அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அம்மா பத்தொன்பது வயதில் வேறு ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மூன்றாவது மாடி. சரக்கு அனுப்புகிற அவசர நாட்களில் பெண்கள் நேரத்தோடு கிளம்பிவிடக் கூடாது என்று மாடிக் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டியிருந்த ஒருநாள் கீழே துணிக் கிடங்கில் தீப்பிடித்தது. சிலர் செத்துப்போனார்கள், அம்மா பிழைத்தாள். இவ்வளவும் அப்பா சொன்னது. அம்மாவிடம் கேட்டால், "சோறு ஆறுது, சாப்பிடு" என்பாள்.

பள்ளி இறுதித் தேர்வு சமயத்தில்தான் அது நடந்தது. மகள் படித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "இருக்கியா?" வந்துகொண்டிருந்தது. எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாள்? மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு என்ன ஆனாலும் பதில் சொல்வதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மா கேட்டாள். மறுபடி கேட்டாள். பேர் சொல்லிக் கத்தினாள். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு கதவில் முக்காலி மோதியது. பலகை பிளந்தது, மேசை சரிந்தது, அம்மா கையெல்லாம் ரத்தமாக உள்ளே வந்து விழுந்தாள். மகளின் முகம், தலை, தோள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து விம்மினாள்.

"உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு" என்றாள் மகள்.

அந்த வீட்டுக்காரர்தான் குறை சொன்ன அந்த ஒருவர். புதுக் கதவு போட்டுக் கொடுத்துவிட்டுக் காலி செய்தார்கள். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் மகளுக்கு அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

மேலே படிக்க அவள் கேட்ட இடம் எதுவும் கிடைக்கவில்லை. காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் படிப்பில்தான் கிடைத்தது, சேர்ந்தாள். அங்கேதான் முதன்முதலாக அந்த அறையைப் பார்த்தாள். பூத் என்பார்கள். ஆள் உட்கார ஒரு நாற்காலி, சுவரெல்லாம் துளை துளையான பஞ்சுப் பலகை, ஒரு சாண் கனத்தில் கதவு. மூடினால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. மற்றவர்கள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உள்ளே இருந்தால் மூச்சு முட்டுகிறது என்றார்கள். இவள் மதியச் சாப்பாட்டையே அதற்குள் வைத்துக்கொண்டாள். மூடிய கதவு, யாரும் எதுவும் கேட்கவில்லை. சொர்க்கம் என்று நினைத்தாள். இரண்டாவது வாய் சாப்பிடும்போது, கேட்க ஆளே இல்லாத இடத்தில் தன்பாட்டுக்கு "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

படித்து முடித்து ஒரு காது மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அம்மாவுக்குக் காது மந்தமானது. மெஷின் இரைச்சலிலேயே இத்தனை காலம் இருந்தவளுக்கு அது வராமலிருந்தால்தான் ஆச்சரியம். மற்ற வீடுகளில் காது மந்தமானால் டிவி சத்தம் கூடும். இந்த வீட்டில் ஆபத்தே வேறு. மகள் குளியலறையில் "இருக்கேன்" என்று கத்துவாள், அம்மாவுக்குக் கேட்காது, அடுத்த நொடி கதவு படீரென்று திறக்கும். தாழ்ப்பாள்தான் இல்லையே! இருபத்து மூன்று வயதுப் பெண் தலையில் நுரையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "இருக்கேன்மா, இருக்கேன், போ" என்று அலறுவாள். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே என்று அப்பா பாட்டு என்ற பெயரில் போட்ட கூச்சலில் குடும்ப மானம் தெருமுனை வரை போனது.

காது மெஷின் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் எந்தச் சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியாமல் மெஷினை அளவுபடுத்த முடியாது. அதைத் தெரிந்துகொள்ள பூத்துக்குள் உட்கார்ந்து, கதவை மூடி, சோதித்தாக வேண்டும். கதவைத் திறந்து வைத்து எடுத்துப் பார்க்கலாமா என்று மகள் தன் மேலதிகாரியான மேடத்திடம் கேட்டாள். "வாசல்ல பஸ் போற சத்தத்தையும் சேர்த்து அளக்கறதுக்கா?" என்றார் மேடம்.

எட்டு மாதம் அம்மா சாக்குச் சொன்னாள். சளி பிடித்திருக்கிறது என்றாள். ஆர்டர் நிறைய வந்திருக்கிறது என்றாள். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது, இனி புதிதாக யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்றாள். மகள் கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். "டயட்டா?" என்று கேட்டுவிட்டு அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா நாலடி முன்னால் போனாள். பின்னாலிருந்து ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அம்மா திரும்பவில்லை. "அம்மா!" என்று மகள் மூன்று தரம் கத்தினாள். அம்மா தன்பாட்டுக்கு நடந்தாள். வேன்காரர் திருப்பிப் பிரேக் போட்டதில் அம்மாவின் கையிலிருந்த பை மட்டும் சக்கரத்துக்கு அடியில் போனது. மகளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதாள்.

"நான் கூப்பிட்டேன், நீ பதிலே சொல்லல. மூணு தடவை கூப்பிட்டேன், பதிலே சொல்லல."

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வேனைப் பார்த்த பயம் என்றுதான் மகள் நினைத்தாள்.

"திங்கக்கிழமை வரேன்" என்றாள் அம்மா.

சொன்னபடி வந்தாள், கைப்பையில் ஸ்க்ரூ டிரைவரோடு. பூத்தின் கதவு ஓரத்தை மேலிருந்து கீழே விரலால் தடவினாள். குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள்.

"இதுல கழட்ட ஒண்ணுமே இல்லம்மா" என்றாள் மகள். "தாழ்ப்பாள் இல்ல, பூட்டு இல்ல. உள்ளேருந்து தள்ளினா தொறந்துக்கும்."

"சொல்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அம்மா உள்ளே போய், மூன்று தரம் மூடித் தள்ளித் திறந்து பார்த்தாள். மூன்றாவது தரம் திறந்தபோது வேகம் கொஞ்சம் அதிகமாகி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மேடம் ஓரடி பின்னால் நகர வேண்டியிருந்தது. பிறகு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் ஹெட்போனை மாட்டிவிட்டு, பொத்தானைக் கையில் கொடுத்தாள். "சின்னச் சின்னதா பீப்னு சத்தம் வரும். கேட்டா இதை அமுக்கு. என் மேசையில விளக்கு எரியும். அவ்வளவுதான். நடுவுல பேசக் கூடாது."

கதவை மூடினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அம்மா நிமிர்ந்து, சுவரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மகள் முதல் ஒலியை அனுப்பினாள். விளக்கு எரிந்தது. சத்தத்தைக் குறைத்தாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். அதற்கும் எரிந்தது. கடைசியில் பிறந்த குழந்தைக்குக்கூடக் கேட்குமா என்று சந்தேகமான அளவுக்கு வந்துவிட்டாள், அதற்கும் விளக்கு எரிந்தது.

மேடம் எட்டிப் பார்த்தார். "உங்கம்மாவோட காது எனக்கே இல்லையே" என்றார்.

மகளுக்குப் பொறி தட்டியது. ஒலி எதுவும் அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. அணைந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி எரிந்தது. உள்ளே ஒன்றுமே கேட்காத காதோடு அம்மா விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

மேடம் இருவரையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். மருத்துவமனைக்குப் பின்னால் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. வேர்வையில் அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏம்மா, சத்தம் கேக்காமலே எதுக்கு அமுக்கின?" மகள் அம்மாவின் காதோரம் குனிந்து கேட்டாள்.

"அமுக்கலன்னா நீ பயந்துடுவியேடி" என்றாள் அம்மா.

அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்னிக்கு லைட்டு போயிடுச்சு. புகையில பக்கத்துல இருக்கிறவ மூஞ்சியே தெரியல. ஜன்னலுக்குக் கீழ குனிஞ்சு உக்காந்தோம். எனக்கு அடுத்த மெஷின்ல இருந்தவ ஒருத்தி, ஒரே டப்பாவுல சாப்பிடுவோம், எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு மேசை. 'இருக்கியா'ன்னு நான் கேப்பேன், 'இருக்கேன்'ம்பா. அவ கேப்பா, நான் சொல்லுவேன். அப்படியே எவ்வளவு நேரமோ. அப்புறம் நான் கேட்டேன், பதில் வரல. மறுபடி கேட்டேன்."

ஒரு சைக்கிள்காரர் பூட்டைத் திறந்து, மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

"கதவை ஒடைக்கிற சத்தம் அதுக்கப்புறம்தான் கேட்டுச்சு" என்றாள் அம்மா.

மகள் அழுதாள். இத்தனை வருஷம் தன்னைக் காவல் காக்கிற கேள்வி என்றுதான் நினைத்திருந்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு இன்னொருத்தியின் பதிலும் வேண்டியிருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"அந்தப் பரீட்சை சமயத்துல, நான் வேணும்னேதான் பதில் சொல்லாம இருந்தேன்மா."

"தெரியும். மேசையை இழுத்தியே, அந்தச் சத்தம் கேட்டுச்சு. நீ கோவமா இருக்கேன்னு தெரியும். தெரிஞ்சும் கை நிக்கல."

"உன்னைப் பைத்தியம்னு சொன்னேன்."

"சொன்ன. நல்லாவே கேட்டுச்சு" என்றாள் அம்மா. "அப்போல்லாம் காது நல்லாத்தானே இருந்துச்சு."

மகள் அழுகையோடு சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அம்மா அவள் முதுகில் தட்டினாள். அப்போதே அந்த மீன் முள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பிப் போய்க் கதவை மூடுவதற்கு முன்னால் மகள் அம்மாவுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. சத்தம் கேட்டா மட்டும் அமுக்கு. கேக்கலன்னா சும்மா இரு. பதில் வரலன்னாலும் எனக்குப் பயமில்ல. கண்ணாடி வழியா உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

"நெஜமா பயப்பட மாட்டியே?"

"மாட்டேன்."

இந்தத் தடவை அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் கனமான ஒலிகள், விளக்கு ஒழுங்காக எரிந்தது. குறைக்கக் குறைக்க எரிவது நின்றது. மகள் குறித்துக்கொண்டாள். பிறகு மெல்லிய, கூர்மையான ஒலிகளுக்கு வந்தாள். குருவிக் குரல், பாத்திரச் சத்தம், பெண் குழந்தையின் குரலெல்லாம் இருக்கிற இடம் அது. ஒன்றை அனுப்பினாள், விளக்கு எரியவில்லை. கூட்டினாள், எரியவில்லை. இன்னும் கூட்டினாள். அம்மா கண்ணை மூடியபடி அசையாமல் இருந்தாள்.

அது வெறும் காது மந்தம். படித்தவளுக்குத் தெரியாதா? ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். இருபத்து மூன்று வருஷம் சமையலறையில் அம்மா எப்படி நின்றிருப்பாள் என்று அரை நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. உள்ளே பேசுகிற மைக்கை அமுக்கிவிட்டாள்.

"இருக்கியாம்மா?"

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"நடுவுல பேசக் கூடாதுன்னு நீதானேடி சொன்ன?" என்றாள். "வேலையைப் பாரு."

மேடம் சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபது நிமிஷத்தில் இரண்டு காதும் முடிந்தது. கதவை மகள் திறக்கவில்லை. அம்மாவே உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

காது மெஷின் வர இரண்டு வாரம் ஆயிற்று. மாட்டிக்கொண்ட முதல் நாள் தன் வளையல் சத்தத்துக்கே அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். காகிதம் கசங்குவதைக் கேட்டு, இதற்குக்கூடவா சத்தம் உண்டு என்றாள். அப்பா வழக்கம்போலக் குளிக்கப் போய்ப் பாட ஆரம்பித்தார். இரண்டு வரிதான் பொறுத்தாள்.

"ஏங்க, எனக்குக் காது கேக்காதுன்னு இப்படியா பாடிக்கிட்டிருந்தீங்க? போதும், நிறுத்துங்க!"

அப்பா கல்யாணம் ஆன நாளிலிருந்து முதன்முதலாகச் சத்தமில்லாமல் குளித்துவிட்டு வந்தார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் தலைக்குக் குளிக்கப் போனாள். சிவப்புத் துண்டைக் கதவின் மேல் போடக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். பழைய துளைகளிலேயே, நாலு திருகாணியும் சரியாக இறுக்கியிருந்தது. 'குளி' என்று எழுதிய காகிதம் மடித்து ஜன்னல் விளிம்பில் இருந்தது.

சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் வேகமாக.

மகள் உள்ளே போய்த் தாழிட்டாள். பழக்கமில்லாத கை, இரண்டு தரம் நழுவியது. தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள். எப்போது வேண்டுமானாலும் கேள்வி வரும். பதில் நுனி நாக்கில் தயாராக இருந்தது. சோப்புப் போட்டாள், வரவில்லை. தலைக்கு நுரை வைத்தாள், வரவில்லை. தன் வாழ்நாளெல்லாம் எது நின்றால் போதும் என்றிருந்தாளோ, அது நின்றதும் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கடைசியில் அவளே பொறுக்க முடியாமல் கத்தினாள்.

"அம்மா! இருக்கேன்!"

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது.

"தெரியுதுடி" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "தண்ணி விழற சத்தம் கேக்குது. நீ நிதானமா குளிச்சிட்டு வா."